மேசைமேல் ஸ்டைன்மெட்ஸ்: நாஹோத் முடிந்தது, கிராவலோட் நடக்கிறது

பிரஷ்யத் தளபதி கார்ல் ஃபிரீட்ரிஷ் ஃபொன் ஸ்டைன்மெட்ஸ் நடத்திய சண்டைகளை வரைபடத்தில் ஆடிப் பார்க்கும் வேலை பாதி தாண்டிவிட்டது. ரைஸ்விட்ஸ் 1824-இல் பிரஷ்யப் படைக்குக் கொடுத்த போர்விளையாட்டு முறைதான்: 1:8000 அளவில் வரைபடம், நீலம் சிவப்புக் கட்டைகள், பகடை, ஒரு நடுவர். கட்டைக்குப் பதில் கனமான அட்டையை வெட்டி நிறம் பூசினேன். நடுவர் என் தம்பி.

முதலில் நாஹோத், 1866 ஜூன் 27, ஆஸ்திரியாவோடு நடந்த போர். பொஹீமியாவுக்குள் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இறங்கும் கணவாய் வழியாக ஸ்டைன்மெட்ஸின் 5-ஆவது கோர் (சில டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) வால் நீண்டு வருகிறது. முன்னணிப் படை மட்டும் வைசோகோவ் மேட்டில் ஏறி, பின்னால் வருபவர்கள் சேரும்வரை தளபதி ராம்மிங்கின் ஆஸ்திரியர்களைத் தாங்க வேண்டும். தாங்கிவிடுகிறது. பிரஷ்யரின் டிரைசே ஊசித் துப்பாக்கியைப் படுத்துக்கொண்டே நிரப்பலாம். ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கியில் குழல் வாய் வழியாக மருந்து இடிக்க வேண்டும். மறுநாள் ஸ்காலிட்ஸ், அதற்கடுத்த நாள் ஷ்வைன்ஷேடல். மூன்று நாளில் மூன்று வெற்றி, 69 வயதில்!

அப்புறம் கிராவலோட், 1870 ஆகஸ்ட் 18, பிரான்ஸோடு நடந்த போர். இங்கே துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு நூல் வெட்டி வைத்தேன். ஊசித் துப்பாக்கிக்கு 600 மீட்டர், அதாவது ஏழரை சென்டிமீட்டர். பிரெஞ்சு ஷாஸ்போ துப்பாக்கிக்கு 1200 மீட்டர், 15 சென்டிமீட்டர். மான்ஸ் ஓடைப் பள்ளத்தின் மேல் அந்த நீள நூலை விரித்ததுமே நிலைமை விளங்கிவிட்டது. சென் உய்பேர் பண்ணை கைக்கு வந்ததும், பிரெஞ்சுக்காரர் பின்வாங்குகிறார்கள் என்று நம்பி, ஒற்றைச் சாலையில் பீரங்கிகளையும் குதிரைப்படை டிவிஷனையும் சேர்த்தே அனுப்பினார் ஸ்டைன்மெட்ஸ். என் வரைபடத்திலும் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலாட்படை முன்னேற வழியில்லாமல் நின்றுவிட்டது.

வயதாகிவிட்டது, பிடிவாதம் என்று அவரை ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. இடுக்கில் நுழைந்து முட்டித் தள்ளுவது நாஹோதிலும் அவர் செய்ததுதான். அங்கே நல்ல துப்பாக்கி அவர் பக்கம் இருந்தது. ஆனால் மேலிட உத்தரவை மதிக்காத குணமும் உண்டு. செப்டம்பரில் அவரை, அவர் தலைமை தாங்கிய முதலாம் படையிலிருந்து எடுத்து போசனுக்கு (இன்றைய போலந்தின் போஸ்னான்) ஆளுநராக அனுப்பினார்கள். 1871-இல் ஃபீல்டு மார்ஷல் பட்டம் வந்தது.

அடுத்த சுற்றில் குதிரைப்படையை கிராவலோட் பக்கமே நிறுத்திவிட்டு, பீரங்கிகளை மட்டும் கடத்திப் பார்க்கப்போகிறேன்.