பாக்டீரியா எண்ணும் வேலையில் தெரிந்துகொண்டது

பால் பொருட்கள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில், மைக்ரோபயாலஜி லேபில் பல வருடம் இருந்தேன். ஈரோடு பக்கம். இதைச் சொன்னவுடன், கல்யாண வீடாக இருந்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்து சீட்டாக இருந்தாலும் சரி, அடுத்து வருகிற கேள்வி ஒன்றுதான்: கடையில் விற்கிற அந்தக் குட்டி பாட்டில் ப்ரோபயாடிக் பானமும், அதாவது உடம்புக்கு நல்லது என்று உயிருள்ள பாக்டீரியா சேர்த்த பானமும், அதே மாதிரி கப் தயிரும் அவர்கள் சொல்கிற மாதிரி உடம்புக்கு நிஜமாகவே நல்லதா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாத கேள்வி. எந்த பாக்டீரியா, எத்தனை, யாருக்கு, எந்தக் கோளாறுக்கு என்று நான்கையும் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும். லேபிளில் பெரும்பாலும் 'எத்தனை' என்பதற்கு மட்டும்தான் விடை இருக்கும். அந்த எத்தனையை எண்ணுவதுதான் என் வேலை.

எண்ணுவது என்றால் உட்கார்ந்து கண்ணால் எண்ணுவதுதான். கொஞ்சம் தயிரை எடுத்து, கிருமி நீக்கிய கரைசலில் பத்து மடங்கு நீர்க்கவைத்து, அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து மறுபடியும் பத்து மடங்கு, அப்படியே ஏழெட்டுக் குழாய் போனபின், கடைசிக் குழாய்களிலிருந்து பெட்ரி தட்டில் விட்டு, எம்ஆர்எஸ் அகார் என்ற, பாக்டீரியாவுக்குத் தீனியாகும் ஜெல்லியை ஊற்றி, காற்றில்லாத ஜாடியில் அடைத்து 37 டிகிரியில் மூன்று நாள் வைப்போம். தட்டில் வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கும், ஒவ்வொன்றும் பாக்டீரியா பெருகி உண்டான கூட்டம். 30 புள்ளிக்குக் கீழேயோ 300க்கு மேலேயோ இருக்கும் தட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தயிரை உறைய வைக்கிற பாக்டீரியாவும் அதே தட்டில் வளரும், தனியாகச் சேர்த்த ப்ரோபயாடிக்கும் வளரும். இரண்டையும் பிரிக்க வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த அகார் போடுவோம். தயிர் உறைய வைக்கும் பல்கேரிகஸ் என்ற பாக்டீரியா அதில் வளராது, ப்ரோபயாடிக்காகச் சேர்க்கும் கேசி, ராம்னோசஸ் வகைகள் வளரும்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016 விதிமுறைப்படி, ப்ரோபயாடிக் என்று சொல்லி விற்கும் பொருளில், ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். கேட்டால் பெரிய எண்ணாகத்தான் தெரியும். யாகுல்ட் என்ற ப்ரோபயாடிக் பானத்தின் 65 மில்லி பாட்டிலில் 650 கோடி என்று போட்டிருப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பேட்ச் வெளியே போகும்போது 10 கோடியைத் தாண்டியிருப்பது கஷ்டமான காரியமாக இருந்ததில்லை. எங்கள் சில்லரில், அதாவது குளிர்பெட்டியில், எடுத்து வைத்திருக்கும் மாதிரியைக் கடைசித் தேதியன்று சோதித்தாலும் எண் ஓரளவு நிற்கும்.

கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரிகள்தான் வேறு கதை. மே மாதத்தில், பெட்டிக்கடையில் ராத்திரி கடை சாத்தும்போது ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள், கரண்ட் பில் கவலை அவர்களுக்கு. டெலிவரி வண்டியில் மேலே ஐஸ்கிரீம், கீழே தயிர், கதவு பாதி திறந்தபடி. அப்படி வெயில் கண்ட கப்பில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், அந்தப் புளிப்பையே தாங்காமல் ப்ரோபயாடிக் பாக்டீரியா சாகும். ப்ரோபயாடிக்காகச் சேர்க்கும் இன்னொன்றான பிஃபிடோ வகை இன்னும் மென்மையானது, காற்றும் ஆகாது, அமிலமும் ஆகாது. அதே பேட்ச்சின் சில்லர் மாதிரியையும் கடை மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடைத் தட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சமயங்கள் உண்டு. வாங்குபவருக்கு இது தெரிய வழியே இல்லை. ருசி கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். லேபிளில் எண் அப்படியே இருக்கும்.

சரி, எண் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் உடம்புக்கு என்ன? இங்கேதான் பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் மூன்று பகுதி. உதாரணத்துக்கு, முதலில் லாக்டோபேசில்லஸ் (2020ல் இந்த வகைக்கு லாக்டிகேசிபேசில்லஸ் என்று பெயர் மாற்றினார்கள்), அடுத்து ராம்னோசஸ், அதற்கடுத்து ஜிஜி. ஆய்வுகள் எல்லாம் அந்த மூன்றாவது பகுதிக்கு, அதாவது ஸ்ட்ரெயினுக்குத்தான். ஜிஜி ஒரு காரியம் செய்தது என்றால், வேறு ஸ்ட்ரெயின் ராம்னோசஸும் அதைச் செய்யும் என்று சொல்லவே முடியாது. கடையில் நிற்கும் எத்தனையோ கப்பில் முதல் இரண்டு பகுதிகூட இருக்காது, 'ஆக்டிவ் ப்ரோபயாடிக் கல்ச்சர்' என்று மட்டும் இருக்கும், கல்ச்சர் என்றால் சேர்க்கிற பாக்டீரியா. அந்த லேபிளை வைத்து அதற்கு ஆய்வு இருக்கிறதா இல்லையா என்று தேடக்கூட முடியாது.

நல்ல ஆய்வுகள் இல்லாமலில்லை. கொல்கத்தா குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 3,758 குழந்தைகளுக்கு, பாதிப் பேருக்கு யாகுல்ட்டில் இருக்கும் ஷிரோட்டா ஸ்ட்ரெயின் உள்ள பானமும் மீதிப் பேருக்கு வெறும் சத்து பானமும் 12 வாரம் கொடுத்து, அப்புறம் இன்னொரு 12 வாரம் கவனித்தார்கள். 2011ல் வெளியான ஆய்வு. சத்து பானம் குடித்தவர்களில் 674 குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, ப்ரோபயாடிக் குடித்தவர்களில் 608 பேருக்கு. கணக்குப் போட்டு 14 சதவீதம் பாதுகாப்பு என்றார்கள். இந்த 14 சதவீதத்தை நான் மதிக்கிறேன், சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே ஆய்வு, 12 வாரம் தினமும் பாட்டிலைக் குடித்தும், மொத்த 24 வாரத்தில் 608 குழந்தைகளுக்கு வயிறு போனது என்றும் சொல்கிறது. கோயம்புத்தூரில் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கும் நாற்பது வயது ஐ.டி. ஊழியருக்கு இதிலிருந்து எந்த முடிவும் கிடையாது.

இதைவிட என்னைப் பாதித்தது ஒடிசா ஆய்வு. கிராமங்களில் பிறந்த 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளில் ஒரு பாதிக்கு, பிளான்டாரம் என்ற பாக்டீரியாவின் ஸ்ட்ரெயின் ஒன்றை அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்று அல்லது மரணம், இரண்டும் சேர்த்து 9 சதவீதமாக இருந்தது 5.4 ஆகக் குறைந்தது. 2017ல் வந்தது. உயிர் காத்த ப்ரோபயாடிக் என்று கைகாட்ட இது ஒன்று போதும். ஆனால் அது கடைத் தயிர் இல்லை, சுவை சேர்த்த பானமும் இல்லை. தேர்ந்தெடுத்த ஒரு ஸ்ட்ரெயின், அளந்த அளவு, பிறந்து சில நாளே ஆன குழந்தை.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வயிற்றுப்போக்கோடு வந்த 971 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஐந்து நாள் ஜிஜி கொடுத்துப் பார்த்தார்கள். உலகத்திலேயே அதிகமாக ஆராயப்பட்ட ஸ்ட்ரெயின்களில் ஒன்று அது. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. கனடாவில் வேறு இரண்டு ஸ்ட்ரெயின்களை வைத்துச் செய்த ஆய்விலும் அதே முடிவு. இரண்டும் 2018ல் ஒன்றாக வெளியாயின. அதே வருடம் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம், ஆன்டிபயாடிக் முடித்தவர்களுக்கு 11 ஸ்ட்ரெயின் கலவையைக் கொடுத்துக் குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய சொந்த நுண்ணுயிர்கள் திரும்பி வருவது தாமதமானதாகச் சொன்னது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கூடவே ஒரு ப்ரோபயாடிக் என்று மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கொடுப்பதை, இதைப் படித்தபின் என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. சில இடங்களில் அது உதவும்: ஆன்டிபயாடிக்கால் வரும் ஒரு மோசமான குடல் தொற்றைத் தடுக்கக் குறிப்பிட்ட சில ஸ்ட்ரெயின்களை அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமே 2020ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் வயிற்றுக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சான்று போதவில்லை என்றுதான் அதே அறிக்கை சொல்கிறது.

கொரோனா வந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு கூட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது. கப்பின் மேல் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று போட வேண்டும் என்று மார்க்கெட்டிங் அதிகாரி கேட்டார்.

"நம்ம ஸ்ட்ரெயினுக்கு அப்படி எந்த ஆய்வும் கிடையாதுங்க சார்" என்றேன்.

"கல்ச்சர் சப்ளையர் அனுப்பின ஃபைல்ல பேப்பர் இருக்கே மேடம்."

இருந்தது. எல்லாம் வேறு ஸ்ட்ரெயினைப் பற்றிய பேப்பர்கள், அதில் ஒன்று எலிகளில் செய்தது. வாக்குவாதம் நீண்டது. அவர் கெட்டவர் இல்லை, போட்டி நிறுவனங்கள் எல்லாம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தான் மட்டும் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் அவருக்கு. கடைசியில் அந்த வார்த்தை போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வயிற்றின் படமும், அதைச் சுற்றி ஒரு கேடயமும் வந்தன. வார்த்தை இருந்தால் சட்டப்படி யாராவது கேள்வி கேட்கலாம். படத்தை யார் கேட்பது? அச்சான கப் கைக்கு வந்த அன்று எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கப்புக்குள் இருப்பதைப் பற்றி நான் கையெழுத்துப் போட்டது எண்ணுக்கு மட்டும்தான்.

உலகளவிலும் இதுதான் நடந்திருக்கிறது. டேனன் நிறுவனம் ஆக்டிவியா தயிரைத் தினம் ஒன்று சாப்பிட்டால் மலச்சிக்கல் சரியாகும் என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. ஒன்று போதும் என்பதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட, 2010ல் 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். அதன்பின் அப்படி ஒரு உறுதி கொடுக்க வேண்டுமானால், ஒரு நாளைக்கு மூன்று கப் சாப்பிட்டால்தான் பலன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் கறாரானது. ப்ரோபயாடிக் என்று வந்த விண்ணப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிட்டது. அது ஏற்றுக்கொண்டது ஒன்று உண்டு, அதுவும் சாதாரண யோகர்ட்டைப் பற்றி: பாலின் லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு, உயிருள்ள தயிர் பாக்டீரியா லாக்டோஸைச் செரிக்க உதவுகிறது. நிபந்தனை, ஒரு கிராமுக்கு 10 கோடி இருக்க வேண்டும். நம் ஊரில் ப்ரோபயாடிக் என்று பெயர் வைக்க ஒரு நாள் அளவு முழுவதற்கும் கேட்கும் அதே 10 கோடியை, அங்கே வெறும் தயிரின் ஒரு கிராமிலேயே கேட்கிறார்கள்.

எங்கள் லேபில் கண்ணாடிச் சாமான்கள் கழுவி, அவற்றை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர், தினமும் இந்தத் தட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க மேடம், நம்ம ஊட்டுத் தயிர்ல இல்லாததா இதுல இருக்குது?" மறுநாள் டப்பாவில் கொண்டு வரச் சொன்னேன். முந்தின ராத்திரி உறை ஊற்றின தயிர், கொஞ்சம் கட்டி, கொஞ்சம் புளிப்பு. தட்டுப் போட்டுப் பார்த்தால், மூன்றாம் நாள் எண்ணிக்கை ஒரு கிராமுக்கு 10 கோடிக்கு மேலே. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் சொன்னதையும் அவர் கேட்டுக்கொண்டார்: உயிருள்ள பாக்டீரியா ஏராளம் இருக்கிறது, ஆனால் அவை எந்த ஸ்ட்ரெயின் என்று யாருக்கும் தெரியாது, உறைமோர் மாறினால் கூட்டமும் மாறும், ஆகவே சட்டப்படி அதை ப்ரோபயாடிக் என்று அழைக்க முடியாது. ஆனால் புரதம், கால்சியம், பால் சாப்பிட்டால் வயிறு உப்புபவருக்கும் ஒத்துக்கொள்ளும் தன்மை, எல்லாம் அந்த டப்பாவிலும் இருக்கிறது. சேர்த்த சர்க்கரை இல்லை. சுவை சேர்த்த பானங்களிலும் பழத் தயிர்களிலும் புளிப்பை மறைக்கப் போடுகிற சர்க்கரையைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அதுவும் குழந்தைக்குத் தினமும் வாங்கித் தருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு வெளியே அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் தயிர் பானம் என்றால், அது சூடாக்கி அடைத்தது, தயிர் பாக்டீரியா உயிரோடு இருக்காது.

ஆரோக்கியமான ஒருவர் பிடித்துப்போய் தினம் ஒரு பாட்டில் குடித்தால் கெடுதல் இல்லை, காசு அவருடையது. உடம்பு ரொம்ப முடியாதவர்கள் விஷயம் அப்படியில்லை. நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய நோயாளிகளுக்கு ப்ரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008ல் முடிவு வந்தபோது, கொடுத்தவர்களில் 16 சதவீதம் பேரும் கொடுக்காதவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஐ.சி.யு.வில் இருப்பவருக்கு, கீமோ எடுப்பவருக்கு, குறைமாதக் குழந்தைக்கு, டாக்டரைக் கேட்காமல் வீட்டிலிருந்து எதையும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் ஓ.ஆர்.எஸ்., கூடவே டாக்டர் சொல்கிற அளவில் துத்தநாக மருந்து. பாட்டில் அதற்கு ஈடாகாது.

லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011லேயே எழுதி வைத்துவிட்டன: ஸ்ட்ரெயின் வரை முழுப்பெயர், கடைசித் தேதி வரை இருக்கும் உயிருள்ள எண்ணிக்கை, எவ்வளவு சாப்பிட வேண்டும், எப்படி வைக்க வேண்டும். நீங்கள் வாங்கும் கப்பில் ஸ்ட்ரெயின் பெயர் இல்லையென்றால், அதன் பின்பக்கம் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு போன் போட்டுக் கேளுங்கள். அந்த மாதிரி கேள்விகள் எங்கள் லேபுக்குத்தான் வரும். அப்படி ஒரு அம்மா விடாமல் கேட்டதற்குப் பிறகுதான், அடுத்த முறை கப் அச்சடிக்கும்போது ஸ்ட்ரெயின் பெயரையும் சேர்க்கலாம் என்று மேலே ஒத்துக்கொண்டார்கள்.