நாஸ்கார் ஹோல் ஒஃப் ஃபேம்: என் வாக்கு யாருக்கு?

அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பு நாஸ்கார். அதன் சாதனையாளர்களுக்காக சார்லட் நகரில் 2010இல் திறந்த ஹோல் ஒஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் முதலில் ஆண்டுக்கு ஐந்து பேரைச் சேர்த்தார்கள். இப்போது மூன்றே பேர். 2026க்கு கர்ட் புஷ், ஹாரி கேன்ட், ரே ஹென்ட்ரிக். மூவருமே ஓட்டுநர்கள். அவர்களுக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுநரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியவர்கள் இன்னும் வெளியே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

என் முதல் வாக்கு ஸ்மோக்கி யூனிக்குக்கு. டேட்டோனா பீச்சில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக். நாஸ்காரின் பெரும் பந்தயமான டேட்டோனா 500ஐ 1961, 1962 இரண்டு ஆண்டும் வென்ற பொன்டியக் கார்கள் அவர் கைப்பட்டவை. பந்தயச் சட்டப் புத்தகம் பெற்றோல் டாங்கியின் கொள்ளளவைத்தான் கட்டுப்படுத்தியது, அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே 2 அங்குல விட்டத்தில் 11 அடி நீளக் குழாயைச் சுருட்டி வைத்தார். அதில் 5 கலன் கூடுதலாகப் பிடித்தது என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 415 கன அங்குலம், அதாவது 1.8 அமெரிக்கக் கலன், சுமார் 6.8 லீட்டர். கலனுக்கு 4 மைல் ஓடினாலும் டேட்டோனாவில் கிட்டத்தட்ட மூன்று சுற்று. அதுவே பெரிய லாபம், கதையை ஊதத் தேவையில்லை.

அவரை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அந்தக் குழாய் அல்ல. 1960களின் தொடக்கத்திலேயே பழைய டயர்களைப் பலகைகளுக்கு நடுவே அடுக்கிப் பாதுகாப்புச் சுவர் செய்து காட்டினார். நாஸ்கார் எடுக்கவில்லை. 1964இல் சார்லட்டில் தீப்பிடித்த காரில் சிக்கிய ஓட்டுநர் ஃபயர்போல் ரொபர்ட்ஸ் சில வாரங்களில் இறந்தார். அதன்பின் பாதுகாப்புக்காக நாஸ்காரை நிறுவிய பில் ஃபிரான்ஸோடு மோதி மோதி, 1970இல் யூனிக் விலகிப் போனார்.

அடுத்தது ரொபர்ட் ஹப்பர்ட், ஜிம் டௌனிங். தலையையும் கழுத்தையும் காக்கும் ஹான்ஸ் கருவி இவர்களுடையது. கார் சுவரில் மோதி நிற்கும், உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே போகும். மண்டையின் அடி எலும்பு முறிவது அப்படித்தான். 2001 பெப்ரவரி 18இல் ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்ததும் அப்படித்தான். தோளில் அமரும் காபன் ஃபைபர் பட்டையும் ஹெல்மட்டோடு இணைக்கும் இரண்டு வார்களும் அந்த இழுவையைத் தாங்குகின்றன. அந்த ஆண்டு முடியும் முன்பே நாஸ்கார் தலை-கழுத்துக் கருவியைக் கட்டாயமாக்கியது.

இங்கே இலங்கையில் கட்டுகுருந்தை, பன்னலைப் பந்தயத் தடங்களில் ஓடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தோள் பெல்ட் ஹான்ஸின் மேலேயே படிந்திருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் பெல்ட்டைப் பூட்டும் இடங்கள் அகன்றிருந்தால் மோதலில் அது வழுகிவிடும். அப்போது ஹான்ஸ் போட்டும் பயனில்லை. பஞ்சிகாவத்தையில் ரிகண்டிஷன் எஞ்சின் வாங்கலாம், கியர்பொக்ஸ் வாங்கலாம், பாவித்த பெல்ட் மட்டும் வேண்டாம். வெயிலும் எண்ணெயும் பட்டால் நூல் உள்ளுக்குள்ளேயே நைந்துவிடும், வெளியே தெரியாது. எஸ்எஃப்ஐ என்ற பந்தயப் பாதுகாப்புத் தரச் சான்றுள்ள பெல்ட்டுக்கே ஆயுள் இரண்டு வருடம்தான்.

மூன்றாவது டீன் சிக்கிங். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இவரது குழு வடிவமைத்த, மோதலின் அடியை வாங்கிக்கொள்ளும் சேஃபர் சுவர் 2002இல் இண்டியானாபொலிஸ் பந்தயத் தடத்தில் முதலில் ஏறியது. சதுர இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெல்ட் பண்ணி கொங்கிரீட் சுவருக்கு முன்னால் பொருத்துவார்கள். இடைவெளியில் நம் ரெஜிஃபோம் போன்ற நுரைக் கட்டைகள். இரும்பு வளைந்து, நுரை நசுங்கி, அடியின் வேகம் குறையும். போடாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2015 டேட்டோனா காட்டியது: உட்புற வெறும் கொங்கிரீட்டில் மோதிய ஓட்டுநர் கைல் புஷ்ஷின் வலது கால், இடது பாதம் இரண்டும் முறிந்தன. சிக்கிங்குக்கு லேண்ட்மார்க் விருது கொடுத்திருக்கிறார்கள். அது தனி மரியாதை, உள்ளே சேர்த்ததாகாது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்த நாட்டிலிருந்து பார்க்கும்போது, சுவர் கட்டியவருக்கு எந்த மரியாதையும் மிகையில்லை.

இடம் மிஞ்சினால் பேன்ஜோ மத்யூஸ். 1978இன் 30 பந்தயங்களையும் அவர் கட்டிய கார்களே வென்றன. ஓட்டுநர்களில் ஒருவர்தான் என்றால் டிம் ரிச்மண்ட்: 1986இல் மட்டும் 7 வெற்றி, மொத்தம் 13. எய்ட்ஸால் 1989இல் இறந்தார். அந்த நோயின் பெயரால் கடைசி நாட்களில் அவரை ஒதுக்கி வைத்த விளையாட்டு, இன்னும் அவரை உள்ளே எடுக்கவில்லை.