துணிக்கைகளைக் கேட்டவள்

விடாமல் ஜெபிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தின் உவமையில், நியாயம் கேட்டு நியாயாதிபதியிடம் ஓயாமல் வரும் விதவையிடம் போய்விடுகிறார்கள். என் மனமோ மத்தேயு 15-ஆம் அதிகாரத்தின், யூதரல்லாத கானானியப் பெண்ணிடமே நின்றுவிடுகிறது.

தீரு, சீதோன் பட்டணங்களின் எல்லையில், பிசாசினால் வேதனைப்படும் மகளுக்காக, "ஆண்டவரே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டு வருகிற அவளுக்கு இயேசு முதலில் ஒரு வார்த்தையும் மறுமொழியாகச் சொல்லவில்லை. சீடர்கள் அவளை அனுப்பிவிடும்படி வேண்டுகிறார்கள். தாம் இஸ்ரவேல் வீட்டாரிடத்திற்கே அனுப்பப்பட்டதாக அவர் சொன்ன பிறகும் அவள் வந்து பணிந்து, "எனக்கு உதவிசெய்யும்" என்கிறாள். அப்போதுதான், பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்ற, இன்று வாசித்தாலும் நெஞ்சை உறுத்துகிற வாக்கியம் வருகிறது. அதன் கடுமையைக் குறைத்துக் காட்டும் விளக்கங்கள் எவையும் எனக்கு நிறைவளித்ததில்லை.

அவள் அதை மறுக்கவில்லை. "மெய்தான் ஆண்டவரே" என்று ஒப்புக்கொண்டு, எஜமான்களின் மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்று அந்த வாக்கியத்துக்குள் நின்றே வழக்காடுகிறாள். தனக்கு உரிமை உண்டென்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்த மேஜையில் குறைவில்லை என்பதில் மட்டும் அவளுக்கு ஐயமே இல்லை. 'உரிமையோடு கேளுங்கள்' என்று ஒலிபெருக்கியில் முழங்கும் உபவாசக் கூட்டங்களில் இதை யாரேனும் எடுத்துச் சொன்னால் நன்றாயிருக்கும். முந்தின அதிகாரத்தில், கடலில் அமிழத் தொடங்கிய பேதுரு, கூடவே நடந்த சீடராயிருந்தும், "அற்பவிசுவாசியே" என்று கடிந்துகொள்ளப்படுகிறார். "உன் விசுவாசம் பெரிது" என்ற சொல் இந்தப் புறஜாதிப் பெண்ணுக்குக் கிடைக்கிறது.

விதவையின் உவமையில் வரும் நியாயாதிபதி, அவள் தரும் தொந்தரவு தாங்காமல்தான் நியாயம் செய்கிறான். தேவனுக்குப் பயப்படாத அப்படிப்பட்டவனே செய்யும்போது தேவன் செய்யாதிருப்பாரோ என்பதே உவமையின் கேள்வி. அதைக் கவனியாமல் விட்டால், தேவனையும் அலுக்கவைத்துக் காரியம் சாதிக்கலாம் என்றாகிவிடும்.

அப்போஸ்தலனாகிய பவுலோ, மாம்சத்திலுள்ள முள் என்று தாம் சொல்லும் வேதனை நீங்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதாகவும், "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலைப் பெற்றதாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். நான்காம் முறை கேட்டதாக எழுதவில்லை. அவருடைய விசுவாசம் கானானியப் பெண்ணுடையதைவிடச் சிறியது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தமக்கு வந்தது முடிவான பதில் என்று அவர் அறிந்து நிறுத்தினார். தனக்கு வந்த மௌனமும் கடுஞ்சொல்லும் முடிவான பதில் அல்ல என்று அந்தத் தாய் எதைக்கொண்டு அறிந்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.