வி-கிராஸுக்கு டயர்: கடைசியில்தான் அலாய்

பிக்கப்புக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் ரிம்மிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கடை வாசலில் அடுக்கியிருக்கும் கறுப்பு அலாய் ரிம்மைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடுகிறது, அப்புறம் அந்த ரிம்மில் எது ஏறுமோ அதுதான் டயர். நான் சொல்வது நேர் தலைகீழ். முதலில் டயரின் மொத்த உயரம், அடுத்து அது தாங்கும் எடை, கடைசியில்தான் ரிம்.

கே.ஆர். புரத்தில் இருக்கிற என் மச்சினன் செகண்ட் ஹேண்டில் இசுஸு வி-கிராஸ் பிக்கப் எடுத்திருக்கிறான். கம்பெனி டயர் 255/60 R18, நான்கும் தேய்ந்துபோயிருந்தன. "மாமா, 20 இன்ச் போட்டா செமயா இருக்கும்ல?" என்றான். இருக்கும்தான். ஆனால் அந்த வண்டி வாரநாளில் பெங்களூர் பள்ளங்களில் ஓடி, ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு போகப்போகிறது. அதற்கு ஏற்றது 20 இல்லை, 16.

கணக்கு எளிது. 255 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்றால் பக்கச்சுவர் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ. 18 இன்ச் ரிம் 457 மி.மீ., மேலும் கீழும் பக்கச்சுவரைச் சேர்த்தால் 763. இதே 763-தான் 255/65 R17-க்கும் 255/70 R16-க்கும் வருகிறது, போட்டுப் பாருங்கள். ஸ்பீடோமீட்டரும் மாறாது, இழுவையும் மாறாது. பக்கச்சுவர் மட்டும் 16-இல் 178 மி.மீ. ஆகிவிடும். 20-இல் 265/50 போட்டால் 132-தான் மிஞ்சும்.

அந்த 46 மி.மீ. ரப்பர் எதற்கு என்பது மழை பெய்த மறுநாள் தெரியும். தண்ணீர் நின்று ஆழம் தெரியாத பள்ளத்தில் சக்கரம் இறங்கி விளிம்பில் மோதும்போது, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே இருக்கும் இழைகள் அறுகின்றன. வெளியே கீறல்கூட இருக்காது. அப்புறம் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. பஞ்சர் கடையில் அதற்கு வைத்தியம் கிடையாது, டயரைத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இசுஸுவே இதே வண்டியின் இன்னொரு வகையான ஹை-லேண்டரை 245/70 R16-இல்தான் விற்கிறது. அதன் உயரம் 749 மி.மீ., வித்தியாசம் 2 சதவீதத்துக்குள். மச்சினனுக்கு அதைத்தான் சொன்னேன். ஆனாலும் ஒரு ரிம்மை மாட்டி, பிரேக் காலிபரில் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும்.

பெரிதாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: 285/60 R18 என்றால் 799 மி.மீ. மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 105-இல் போகும், தரையிலிருந்து கூடுவதோ 18 மி.மீ.தான். அதற்காக ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசும் டயரை வாங்குவதா?

எடையில் மட்டும் சமரசமே வேண்டாம். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரில் அளவுக்கு அடுத்து வரும் எண் 112 என்றிருந்தால் அது 1,120 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030. ஒரு டயருக்கே 90 கிலோ குறைகிறது. கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

போல்ட் இடைவெளி 6x139.7. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கும் இதே அளவு என்பதால் அதன் அலாய் அப்படியே பொருந்தும் என்பார்கள். போல்ட்டில் ஏறும். ஆனால் டொயோட்டாவின் நடு ஓட்டை 106.1 மி.மீ., அந்த ஓட்டையில் உட்காரும் வி-கிராஸின் ஹப் அதைவிடச் சின்னது. நடுவில் ரிங் போடாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டியரிங் ஆட வாய்ப்புண்டு. ஆஃப்செட்டும், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவும், பழையதை ஒட்டியே இருக்கட்டும், சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங்குக்கு வேலை கூடும்.

அப்புறம், 4x4 வைத்திருப்பவர்கள் ஐந்தாவது டயரையும் அதே அளவில் சேர்த்தே வாங்குங்கள். உயரம் வேறுபட்ட ஸ்டெப்னியை மாட்டி தார் ரோட்டில் 4H-இல், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் முறையில், ஓட்டினால் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும், நடுவில் அந்த வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த முறுக்கு முழுவதும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும்.