படிக்கப்படாமலே திரும்பிய நாடகப் பிரதி: போட்டிக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

உள்ளூர்க் கலைவிழாவின் புதிய எழுத்தாளர் நாடகப் போட்டிக்கு நாங்கள் அனுப்பிய ஓரங்க நாடகம், முதல் வருடம் நடுவர்கள் கைக்கே போகவில்லை. ‘எழுதியவர் அடையாளம் பிரதியில் உள்ளது, ஏற்க இயலாது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அட்டைப் பக்கத்தில் பெயர் இல்லை, பக்கங்களின் மேல்விளிம்பிலும் இல்லை. கோப்புக்குள் இருந்தது. வேர்டில் பயனர் பெயராகக் கொடுத்தது, புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் ‘ஆதர்’ என்ற இடத்தில் தானாக ஏறிக்கொள்கிறது. பிடிஎஃப் ஆக்கினாலும் கூடவே போகிறது. பல மாத உழைப்பு அங்கேயே நின்றுபோனது. அடுத்த அறிவிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்த ஒன்றாலேயே யாருடைய பிரதியும் இனி திரும்பி வரக்கூடாது.

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று வரிசையாகப் போய், டாக்குமென்ட் ப்ராப்பர்டீஸ் என்ற வரிக்கு நேரே ‘ரிமூவ் ஆல்’ அழுத்துங்கள். நண்பர்கள் படித்துவிட்டு ஓரத்தில் போட்ட குறிப்புகளும், ட்ராக் சேஞ்சஸ் திருத்தங்களும் பெயரோடுதான் கிடக்கும், அவற்றையும் நீக்குங்கள். பிறகு பிடிஎஃப் எடுத்து, அதன் ப்ராப்பர்டீஸைத் திறந்து கண்ணால் பாருங்கள். கோப்பின் பெயரில் நாடகத் தலைப்பு மட்டும் இருக்கட்டும். ‘என் தந்தை இன்னாருக்கு’ என்ற சமர்ப்பணமும் அடையாளம்தான். பெயர், முகவரி, வயதுச் சான்று எல்லாம் தனி விண்ணப்பப் படிவத்தில் போகும்.

அடுத்தது நேரம். விதி 30 நிமிடம் என்றது. ‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கைப் பலரும் சொல்வார்கள். அது ஆங்கிலத் திரைக்கதைக்கென்று ஒரே எழுத்துரு, ஒரே ஓரம் வைத்து வந்த கணக்கு. தமிழில் எழுத்துருவை மாற்றினாலே 20 பக்கம் 24 ஆகிவிடும். அந்தக் கணக்கு நிற்காது. மௌனமாகப் படித்துப் பார்ப்பதும் உதவாது. கண்ணுக்கு 22 நிமிடத்தில் முடிந்த பிரதி, நான்கு பேர் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தபோது 37 நிமிடம் ஓடியது. அரங்கக் குறிப்பில் ‘கதவைப் பூட்டிவிட்டு மெல்ல வந்து உட்காருகிறாள்’ என்று இருந்தால் அதைப் படிக்கக் கூடாது, யாராவது எழுந்து செய்துகாட்ட வேண்டும். காட்சி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் சேருங்கள். விதி 30 என்றால் வாசிப்பில் 26க்குள் நின்றால்தான் மேடையில் தாங்கும்.

11 நிமிடத்தை வெட்டுவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது படிக்கும்போதே காதில் விழுந்துவிடும். முதல் 2 பக்கம் வருவதும் நலம் விசாரிப்பதுமாகப் போயிருந்தது. சண்டை தொடங்கும் இடத்திலிருந்தே நாடகத்தைத் திறந்தோம். பார்வையாளர் நேரில் பார்த்துவிட்ட ஒன்றை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு விவரிக்கும் இடங்கள் மூன்று இருந்தன, மூன்றும் போயின. ஒரே ஆளுக்காக எழுதிய ஒரு தனிக் காட்சி, அவர் பெயரை மற்றவர்கள் சொல்லும் இரண்டு வரியாகச் சுருங்கியது. அதனால் பாத்திரங்கள் ஐந்தாகி, விதியின் எல்லைக்குள்ளும் வந்தது.

மேடை பற்றிய விதிகளைப் பலர் மேலோட்டமாகப் படிக்கிறார்கள். ஒரே மாலையில் நாலைந்து நாடகம் போடும் விழாவில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 நிமிடம்தான் கிடைக்கும். விளக்குகள் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்குபவை. அங்கே கிணறு, மழை, எரியும் தீப்பந்தம் என்று எழுதினால் பிரதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேர்வுக்குழு தயங்கும். ஒரே நடிகர் இரண்டு வேடம் போடுவதாக இருந்தால், ஒருவராக வெளியேறி இன்னொருவராக நுழைவதற்குள் குறைந்தது ஒரு பக்க வசனம் வேண்டும். உடை மாற்றுவதற்கு அதுதான் அவகாசம். ‘அவன் பத்து வருட வேதனையை நினைத்துக்கொள்கிறான்’ என்பது அரங்கக் குறிப்பே அல்ல. பின்வரிசைக்குத் தெரிவதையும் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள்.

வாசிப்புக்கு இன்னொன்று: கமலா, கமலி, கண்ணன் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் வேண்டாம். வசனத்தை எடுத்துப் பேசுபவர் அவசரத்தில் மாற்றிப் படித்துவிடுவார். பேச்சு வழக்கில் எழுதினால் ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான். ‘போயிட்டு’, ‘போய்ட்டு’, ‘போய்விட்டு’ மூன்றும் கலந்து வந்தால் நடுவர் தடுமாறுவார், நடிகர் எந்த ஊர்ப் பேச்சு என்று புரியாமல் விழிப்பார்.

இரண்டாம் வருடச் சிக்கல் எழுத்துரு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்த பகுதியை அப்படியே ஒட்டியிருந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆறு பக்கமும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிந்தன. நல்லவேளை, குழுவில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. முழுவதையும் யுனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், மாற்றுங்கள். மாற்றிக் கொடுக்கும் மென்பொருளை நம்பி விட்டுவிடாமல் ஒருமுறை வரிக்கு வரி படியுங்கள். ஒகர ஓகாரங்கள்தான் அதிகம் சிதைகின்றன. பிடிஎஃப்பை வேறொருவர் கைபேசியில் திறந்து பார்த்தால் சந்தேகமே இல்லை.

அச்சுப் பிரதிகளுக்காக ஒரு பயணம் வீணானது. ஸ்பைரல் போட்டு, அழகாக அட்டை வைத்து மூன்று பிரதி கொண்டுபோனோம். வாங்குமிடத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார்: ஒருபக்க அச்சு, பக்க எண், இடது மூலையில் ஒரே பின், வேறு எந்தக் கட்டும் கூடாது. விதிகளின் இறுதிப் பக்கத்தில் அது இருந்தது உண்மைதான். ஆனால் படிவத்தில் கையெழுத்து விடுபட்டிருந்ததை அப்போதே பார்த்துச் சொல்லியிருந்தால் மறுநாளும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதில்லை. ஏற்பு ரசீதில் நாள், நேரம், பதிவு எண் மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.

கதைச்சுருக்கம் கேட்டால் முடிவையும் சேர்த்து எழுதுங்கள். மர்மமாக நிறுத்துவது புத்தக அட்டைக்குச் சரி, நடுவருக்கு அல்ல. சிறுகதையைத் தழுவியிருந்தால் உரிமை யாரிடம் என்று முன்பே விசாரிக்க வேண்டும். எழுதியவர் காலமாகி 50 ஆண்டு என்பது பெர்ன் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சம். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70. மூலக் கதை பொதுவுடைமை ஆகியிருந்தாலும் அதன் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. சினிமாப் பாட்டு ஒரு வரி வந்தாலும் இதே கதைதான். எங்கள் பிரதியில் இருந்ததை எடுத்துவிட்டு, பாத்திரம் ஏதோ வாய்க்குள் முணுமுணுப்பதாக மாற்றினோம்.

தேர்வானதாகக் கடிதம் வந்த சந்தோஷத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ‘பிரதியின் அனைத்து உரிமைகளும் விழாக் குழுவுக்கே’ என்று ஒரு வரி இருந்தது. ‘முதல் மேடையேற்றத்துக்கு மட்டும், இந்த விழா முடியும் வரை’ என்று திருத்திக் கேட்டு எழுதினோம். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அந்த நாடகத்தை வேறெங்கும் போட முடியாமலே போயிருக்கும்.

நடிகர்களோடு நடக்கும் முதல் வாசிப்புக்குப் பென்சிலோடு போங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஒரே வரியில் இரண்டு பேர் தடுக்கினால் தவறு வரியில்தான். அப்படி 14 இடம் குறித்துக்கொண்டோம். திருத்திய பிரதியை இரண்டு நாளில் கேட்டார்கள்; மாற்றிய பக்கங்களை மட்டும் வேறு நிறத் தாளில் அச்சிட்டுக் கொடுத்ததால், ஒத்திகையில் யாரும் பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு படிக்கவில்லை.