குமரி அம்மைக்குப் பட்டு நேர்ச்சை: களியக்காவிளையிலிருந்து கடல்முனை வரை

களியக்காவிளைப் பக்கம் பெண்பிள்ளைக்கு வரன் தள்ளிப்போனால் கன்னியாகுமரி பகவதியான குமரி அம்மைக்குத்தான் பட்டு நேர்வார்கள். கல்யாணம் கூடிவந்ததும் பட்டோடு தெற்கே இறங்க வேண்டியதுதான்.

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக நெடுஞ்சாலை 66 கன்னியாகுமரி முனையில் போய் முடிகிறது. 60 கி.மீ.க்குள்தான் என்றாலும் வழியெல்லாம் ஊர், சாலையும் ஒடுக்கம். பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் குழித்துறையில் ஏறலாம். திருநெல்வேலி போகும் சில வண்டிகள் நாகர்கோவில் ஜங்ஷனைத் தொடாமல் நாகர்கோவில் டவுன் வழியே போய்விடும். கன்னியாகுமரி வரை போகிற வண்டியா என்று பார்த்து ஏறுங்கள்.

நடை காலை 4.30க்குத் திறக்கும். முந்தின நாள் அலங்காரத்தோடு அம்மையைப் பார்க்கும் நிர்மால்யம் காண முந்தின இரவே போய்த் தங்குவது நல்லது. பஸ் ஸ்டாண்டிலேயே மொய்க்கும் புரோக்கர்கள் சொல்லும் ‘சூரிய உதயம் தெரியும் ரூம்’ பலவற்றில் எதிர்க் கட்டடம்தான் தெரியும். ‘ஸ்பெஷல் தரிசனம்’ என்று கையைப் பிடிப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். கோயில் கவுண்டர் சீட்டு போதும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பமார் கூட்டம் தெருவரை நிற்கும்.

நீராடுவது படித்துறையில் மட்டும். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் ஏறும். தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலை இங்கே வந்து கரையை அடிக்கும். அம்மை தவமிருந்த ஸ்ரீபாதப் பாறை, இப்போது விவேகானந்தர் பாறை என்கிறார்களே, அங்கே படகு காலை 8 மணிக்கு. நீர்மட்டம் தாழ்ந்தால் படகின் அடி பாறையில் தட்டும் என்று வள்ளுவர் சிலைப் பாறைக்கு விடும் படகை நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம் அப்போது அங்கே போக முடியாது. இப்போது விவேகானந்தர் பாறை வரை படகு ஓடினால் போதும், 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம்.

நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் வழுக்கம்பாறையில் ஒரு நிமிடம் கைகூப்புங்கள். அம்மையை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை சிவன், சேவல் கூவியதும் முகூர்த்தம் தவறியதென்று திரும்பிப்போன இடம். அவர் வந்து முடிக்காத வழியில்தான் நாம் பட்டு கொண்டுபோகிறோம்.

கிழக்கு வாசல் அடைத்திருக்கும், வடக்கு வாசல் வழிதான் உள்ளே. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். இருட்டுக்குள் முதலில் விளக்குகள்தான் தெரியும். தீபாராதனை உயரும்போது மூக்குத்தி சுடர்விடும், பிறகு அந்த முகம். கையில் ஜபமாலை, சின்னப் பெண்ணின் நிற்பு. மணவறை காணாத இவளா நம் வீட்டுப் பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்தாள்! வேண்டிவந்ததெல்லாம் மறந்துபோகும். ‘நகருங்கள், நகருங்கள்’ என்று பின்னாலிருந்து தள்ளுவார்கள். அம்மே, தாயே, இந்தப் பட்டை உடுத்திக்கொள்.