சிக்ஸைக் காணோம்

எங்கள் வெப்சைட் ஓடுவது ஜாங்கோவில், பைத்தான் மொழியில் எழுதிய வெப் ஃபிரேம்வொர்க் அது. அதன் 2.2-இலிருந்து 3.2-க்கு மாறுவது ஒருநாள் வேலை என்று டீமில் வாய்விட்டவன் நான்தான். எங்கள் சொந்தக் கோடுக்கு ஒருநாள்தான் ஆனது. அடுத்த இரண்டு வாரத்தைத் தின்றவை, ஜாங்கோவோடு சேர்த்துக்கொள்ள வெளியார் எழுதித் தரும் பிளக்இன்கள்.

சர்வரை ஓடவிட்டதுமே விழுந்தது முதல் அடி: ஜாங்கோ யூட்டில்ஸில் 'சிக்ஸ்' இல்லை என்று இம்போர்ட் எரர். ஒரே கோடு பைத்தான் 2-லும் 3-லும் ஓட உதவும் குட்டி நூலகம் சிக்ஸ். ஜாங்கோ தன் தேவைக்காக அதன் நகலை உள்ளே வைத்திருந்தது. கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறதே என்று பிளக்இன் எழுதியவர்களும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 2017 டிசம்பரில் வந்த 2.0, பைத்தான் 2-ஐக் கைவிட்டது. அன்றைக்கே ஜாங்கோவுக்கு சிக்ஸ் தேவையில்லை. ஆனாலும் பிளக்இன்கள் நம்பி இருக்கின்றனவே என்று இன்னும் இரண்டு வருஷம் வைத்திருந்து, பைத்தான் 2-இன் ஆயுள் முடிகிற தறுவாயில், 2019 டிசம்பரில் 3.0-இல்தான் எடுத்தார்கள். அதுவும் வெளியாருக்கென்று கொடுத்த பொருளே இல்லை! இதற்குமேல் அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்களை மாட்டிவிட்ட பிளக்இன்னில் கடைசியாகக் கைவைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிழையைத் திருத்தி யாரோ அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் அங்கேயே இருந்தது, அதை ஏற்று மெர்ஜ் செய்யத்தான் ஆளில்லை. அதற்குக் கீழே 'எனக்கும் இதே பிரச்சினை' என்று நீண்ட வரிசை.

ஜாங்கோவுக்கும் பிளக்இன்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் ஒருவழி இல்லை என்பதும் அந்த இரண்டு வாரத்தில்தான் உறைத்தது. டேட்டாபேஸ் மைக்ரேஷன், அதாவது கோடு மாறும்போது டேபிள்களின் அமைப்பையும் மாற்றும் வசதி, ஒரு காலத்தில் ஜாங்கோவில் கிடையாது. 'சவுத்' என்ற பிளக்இன்தான் எல்லாருக்கும் கதி. அதை எழுதிய ஆண்ட்ரூ காட்வினே 2014-இல் வந்த 1.7-க்காக மைக்ரேஷனை உள்ளேயே கட்டிக்கொடுத்தார், சவுத்துக்கு வேலை போனது. ஒரு பிளக்இன்னுக்கு இதைவிட நல்ல சாவு கிடைக்காது என்பேன். எங்கள் பட்டியலிலும் ஒன்று அப்படிப் போனது: 3.1 முதல், ஜேசன் வடிவ டேட்டாவை வைக்கும் ஜேசன்ஃபீல்ட் எல்லா டேட்டாபேஸுக்கும் உள்ளேயே வருவதால், அதற்கென்று வைத்திருந்த பிளக்இன்னை நிம்மதியாக அழித்தேன். (டேட்டாவை மாற்றியது தனிக் கதை, அதில் நிம்மதி இல்லை.)

ஆளில்லாத அந்தப் பிளக்இன்னை மட்டும் ஃபோர்க் செய்து, சிக்ஸை எடுத்துவிட்டு, எங்கள் பிரதியையே பயன்படுத்தினோம். டெஸ்ட் ஓடும்போதெல்லாம், மொழிபெயர்ப்புக்கான ஒரு பழைய ஃபங்ஷனைப் பற்றி, 'யூகெட்டெக்ஸ்ட் 4.0-இல் போய்விடும்' என்று வார்னிங் வரும். அது நம் கோடு இல்லையே என்று தாண்டிப் போவேன்.

4.0 வந்த பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் ஃபோர்க்கில் இஷ்யூ திறந்திருந்தார். யூகெட்டெக்ஸ்ட் இம்போர்ட் ஆகவில்லையாம், இதை இப்போது யாராவது பராமரிக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஏற்கெனவே இரண்டு பேர்: எனக்கும் இதே பிரச்சினை.